பச்சை பிடிக்காத ஓவியருக்கு ஒரு பூ அலங்காரம்

பாஸ்டனில் இருக்கும் என் அக்கா மகள் ஒருநாள் வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ அனுப்பினாள். சாப்பாட்டு மேசை மேல் ஒரு தட்டையான கறுப்புச் சட்டி, அதில் கருஞ்சிவப்பு இலைகள் அடர்த்தியாக, இலைகளுக்கு நடுவே நான்கே நான்கு வெள்ளைப் பூக்கள். ஒன்று முன்னால், சட்டியின் விளிம்பை ஒட்டிக் கீழே இருக்கிறது. ஒன்று இடதுபக்கம் தனியாக நிற்கிறது. மற்ற இரண்டும் பின்னால், இலைக்குள் பாதி மறைந்து, அதிலும் ஒன்று மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு. “எந்தப் படம்னு சொல்லு சித்தி” என்று கீழே ஒரு வரி. எனக்கு ஒன்றும் புரியவில்லை. பூ பத்தாமல் போய்விட்டது போலிருக்கிறது என்றுதான் நினைத்தேன்.

ஐந்து நிமிஷம் கழித்து ஓவியத்தையும் அனுப்பினாள். ஜான் சிங்கர் சார்ஜென்ட் 1882-ல் வரைந்தது; எட்வர்ட் டார்லி பாய்ட் என்பவரின் நான்கு மகள்கள். கிட்டத்தட்ட 222 சென்டிமீட்டர் சதுரம், ஆளை விழுங்குகிற அளவு. கடைக்குட்டி தரையில் பொம்மையோடு உட்கார்ந்திருக்கிறாள், அடுத்தவள் இடதுபக்கம் தனியாக நிற்கிறாள், மூத்தவர்கள் இருவரும் பின்னால் இருட்டில், அதில் ஒருத்தி ஆளுயர ஜாப்பானிய ஜாடியில் சாய்ந்து பக்கவாட்டில் திரும்பி நிற்பதால் முகமே சரியாகத் தெரியாது. (பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் இந்த ஓவியத்துக்கு இரண்டு பக்கமும் அந்த நிஜ ஜாடிகளையே நிறுத்தி வைத்திருக்கிறார்கள். படத்துக்குள்ளிருந்து இறங்கி வந்து நிற்பது மாதிரி இருக்கும்.)

இப்போது திரும்பப் பூவைப் பார்த்தேன். முகம் இல்லை, பொம்மை இல்லை, ஜாடி இல்லை. ஆனால் அந்த நான்கு பேருக்கும் நடுவில் இருக்கிற தூரம் அப்படியே இருந்தது. ஒரே வீட்டில், ஒரே அறையில் இருந்துகொண்டு ஒருத்தியோடு ஒருத்தி ஒட்டாமல் நிற்கிற சகோதரிகளின் தூரம். படத்திலிருந்து அவள் எடுத்துக்கொண்டது அதை மட்டும்தான், மற்றதையெல்லாம் விட்டுவிட்டாள். ஓவியத்தைப் பார்த்துப் பூ அடுக்குவது என்றால் என்ன என்று எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது. அதற்கு முன்னால் இதை ஏதோ பொழுதுபோகாதவர்கள் வேலை என்று நினைத்திருந்தேன்.

சரி, இது எங்கே நடக்கிறது? அதே பாஸ்டன் அருங்காட்சியகத்தில் 1976-ல் ‘ஆர்ட் இன் ப்ளூம்’ என்று ஒரு வசந்தகால விழா தொடங்கினார்கள். சுவரில் ஓவியம், அதற்குக் கொஞ்சம் தள்ளி ஒரு பீடம், பீடத்தின் மேல் அந்த ஓவியத்தைப் பார்த்துச் செய்த மலர் அலங்காரம். சிற்பம், பானை, பழைய துணி, நகை எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், ஓவியம்தான் என்று கட்டாயமில்லை. சில நாள்தான் இருக்கும், பூ வாடுவதற்குள் முடித்துவிடுவார்கள். செய்பவர்களில் பெரிய பூ அலங்காரக் கலைஞர்களும் உண்டு, அக்கம்பக்கத்துத் தோட்டக் கழகங்களிலிருந்து வரும் சாதாரண ஆட்களும் உண்டு. இதே பெயரில் மினியாபொலிஸ் உட்பட அமெரிக்காவில் பல ஊர்களின் அருங்காட்சியகங்கள் நடத்துகின்றன. சான் பிரான்சிஸ்கோவின் டி யங் அருங்காட்சியகத்தில் நடப்பதற்கு ‘புக்கேஸ் டு ஆர்ட்’ என்று பேர். வருகிறவர்கள் செய்கிற முதல் காரியம் ஒன்றுதான்: பூவைப் பார், படத்தைப் பார், திரும்பப் பூவைப் பார். ஓவியத்துக்கு முன்னால் அரை நிமிஷத்துக்கு மேல் நிற்காத ஆட்கள்கூட அன்றைக்கு ஐந்து நிமிஷம் நிற்பார்கள்.

புதிதாகச் செய்கிறவர்கள் எல்லோரும் விழுகிற குழி ஒன்று உண்டு, அது நகல் எடுப்பது. வான் கோவின் சூரியகாந்தி ஓவியமா, கடையில் பதினைந்து சூரியகாந்தி வாங்கி ஒரு மஞ்சள் ஜாடியில் சொருகிவிடுவது. முத்துக் கம்மல் போட்ட பெண்ணின் ஓவியமா, ஒரு பிளாஸ்டிக் முத்தை நூலில் கட்டித் தொங்கவிடுவது. பார்க்கிறவருக்கு உடனே புரியும், ஆனால் புரிந்த மறுநொடி அடுத்த பீடத்துக்குப் போய்விடுவார். படத்தில் ஏற்கெனவே இருப்பதைத்தானே திரும்பக் காட்டியிருக்கிறீர்கள், அதற்குப் படமே போதும்.

இதற்கு என்ன வழி என்பதை 19-ம் நூற்றாண்டிலேயே ஒரு ஓவியர் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார், பூவைப் பற்றிப் பேசாமலே. ஜேம்ஸ் மெக்நீல் விஸ்லர் 1871-ல் தன் அம்மாவை வரைந்தார். நாற்காலியில் இடதுபக்கம் பார்த்து உட்கார்ந்திருக்கும் வயதான அம்மா, கறுப்பு உடை, தலையில் வெள்ளை லேஸ் தொப்பி. உலகம் முழுக்க அதை ‘விஸ்லரின் அம்மா’ என்றுதான் சொல்கிறது, ஆனால் அவர் வைத்த பேர் வேறு: ‘சாம்பலிலும் கறுப்பிலும் ஒரு அரேஞ்ச்மென்ட், எண் 1’. பூ அடுக்குவதற்கு ஆங்கிலத்தில் என்ன சொல்லோ அதே சொல்! இது என் அம்மா என்பதால் எனக்கு அக்கறை இருக்கலாம், படத்தில் இருப்பது யார் என்று ஊருக்கு எதற்கு அக்கறை என்கிற மாதிரி அவர் எழுதியும் இருக்கிறார். கொஞ்சம் திமிரான பேச்சுதான். அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு வெறும் சாம்பலும் கறுப்பும் என்று என்னால் நகர முடிந்ததில்லை. ஆனால் பூ அடுக்க உட்காரும்போது இந்தத் திமிர்தான் வேண்டும். அம்மாவை மறந்துவிட்டு, எது எங்கே எவ்வளவு என்று மட்டும் பார்க்க வேண்டும்.

செய்து பார்ப்போம். கண்ணைப் பாதி மூடிக்கொண்டு அந்தப் படத்தைப் பாருங்கள். கண் சுருக்கினால் முகம், விரல், நாற்காலிக் கால் எல்லாம் கரைந்து போகும், பெரிய பெரிய திட்டுகள் மட்டும் மிஞ்சும். (போனில் படத்தை எடுத்துக் கட்டைவிரல் நக அளவுக்குச் சுருக்கிப் பார்த்தாலும் இதே பலன்.) விஸ்லர் படத்தில் என்ன மிஞ்சுகிறது? இடது ஓரத்தில் மேலிருந்து தொங்கும் கருந்திரை, நட்டமாக ஒரு பட்டை. வலதுபக்கம் மலைச்சரிவு மாதிரி ஒரு பெரிய கறுப்பு முக்கோணம், அது அம்மாவின் உடை. பின்னால் சாம்பல் சுவர், அதுதான் படத்தில் பாதி. அப்புறம் உச்சியில் ஒரு துளி வெள்ளை, மடியில் ஒரு துளி வெள்ளை.

அவ்வளவுதான் உங்கள் வரைபடம். இனி பூவைத் தேடலாம். சாம்பலுக்கு யூகலிப்டஸ் இலை இருக்கிறது, வெள்ளி படிந்த மாதிரி. கறுப்புக்குத்தான் சிக்கல், ஏனென்றால் உண்மையான கறுப்புப் பூ என்று உலகத்தில் எதுவும் கிடையாது. கறுப்பு டூலிப், கறுப்பு ரோஜா என்று விற்பதெல்லாம் மிக அடர்ந்த சிவப்போ ஊதாவோதான், வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் தெரிந்துவிடும். அது குறையில்லை, விஸ்லரின் கறுப்பும் தட்டையான கறுப்பு இல்லை. அந்த அடர்சிவப்பு லில்லி வகையையோ டாலியாவையோ வலதுபக்கம் சரிவாகக் குவித்து, இடது ஓரத்தில் ஒரே ஒரு உயரமான கருந்தண்டை நட்டமாக வைத்து, நடுவே இருக்கும் இடத்தைச் சும்மா விட்டுவிட வேண்டும். சும்மா விடுவது என்பதுதான் இதில் கஷ்டமே. கை பரபரக்கும், அங்கே ஒரு பூவைச் சொருகினால் நிறைவாக இருக்குமே என்று தோன்றும். சுவர் காலியாக இருப்பதால்தான் அந்த அம்மா அவ்வளவு தனியாகத் தெரிகிறார் என்பதை நினைத்துக்கொண்டு கையைக் கட்டிக்கொள்ளுங்கள். கடைசியில் உச்சியில் ஒரு கொத்து ஜிப்ஸோ, கல்யாண மேடையில் பார்த்திருப்பீர்களே, அந்தப் பொடிப்பொடி வெள்ளைப் பூ. லேஸ் தொப்பிக்கு அதைவிடப் பொருத்தமானது கிடைக்காது.

இங்கே ஒன்று கவனித்திருப்பீர்கள். நிறத்தைவிட நிறத்தின் அளவு முக்கியம். வெர்மீரின் முத்துக் கம்மல் பெண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள், 1665 வாக்கில் வரைந்தது, இப்போது ஹேக் நகரத்தின் மாரிட்ஷுய்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நினைவிலிருந்து சொல்லச் சொன்னால் எல்லோரும் நீலத் தலைப்பாகை, முத்து என்பார்கள். கண் சுருக்கிப் பார்த்தால் படத்தில் மிகப் பெரிய இடத்தை அடைத்துக்கொண்டிருப்பது பின்னாலிருக்கும் இருட்டு. அதற்கு அடுத்து மங்கலான மஞ்சள் சட்டை, முகம், அப்புறம்தான் நீலம். முத்தோ, கிட்டப் போய்ப் பார்த்தால் முத்தே இல்லை, கொக்கி கூட வரையவில்லை, இரண்டு மூன்று தீற்றல் வெள்ளைச் சாயம் மட்டும். அவ்வளவு இருட்டு சுற்றி இருப்பதால்தான் அந்தத் தீற்றல் முத்தாகிறது. நீலப் பூவை வாரிக் கொட்டி நடுவில் பெரிய வெள்ளை ரோஜா வைத்தால் அது வெர்மீர் இல்லை, யாரோ ஒருவரின் பிறந்தநாள். முக்கால்வாசி அடர்ந்த இலையாக விட்டு, ஓரமாக ஒரு மொட்டு வையுங்கள். மொட்டு போதும்.

அடுத்தது கோடு. படத்தைப் பார்க்கும்போது உங்கள் கண் எங்கே நுழைந்து எப்படிப் போய் எங்கே நிற்கிறது என்று ஒரு விரலால் காற்றில் வரைந்து பாருங்கள். சில படங்களில் அது நேராக மேலே போகும், சிலவற்றில் சுற்றிச் சுற்றி வரும். பூ அடுக்குகிறவர்கள் ‘ஹோகார்த் வளைவு’ என்று ஒன்றைச் சொல்வார்கள், பாம்பு நெளிகிற மாதிரி மேலே ஒரு பக்கமும் கீழே மறுபக்கமும் வளையும் கோடு. ஆங்கிலேய ஓவியர் வில்லியம் ஹோகார்த் 1753-ல் எழுதிய நூலில் நேர்க்கோட்டைவிட இந்த நெளிகோட்டுக்குத்தான் உயிர் இருக்கிறது, அழகின் கோடே இதுதான் என்று வாதாடினார். தன்னையும் தன் நாயையும் வைத்து வரைந்துகொண்ட ஓவியத்தில், கலவைத் தட்டின் மேல் அந்தக் கோட்டையும் போட்டு வைத்தார். ஓவியர் சொன்னதைப் பூக்காரர்கள் பிடித்துக்கொண்டது அப்படித்தான். இந்த நெளிகோட்டை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், என்னைப் பழிவாங்க அது மறுபடி வரும்.

பூக்களையே வரைந்த ஓவியம் என்றால் சுலபம் என்று தோன்றும். அதுதான் இருப்பதிலேயே கடினம். 17-ம் நூற்றாண்டில் டச்சு ஓவியர்கள் வரைந்துதள்ளிய பூ ஜாடிகளைப் பார்த்திருப்பீர்கள்: அம்ப்ரோசியஸ் போஸ்ஹார்ட், ரேச்சல் ரூய்ஷ், அடுத்த நூற்றாண்டு வரை வந்த யான் வான் ஹூய்சம். ஒரே ஜாடியில் டூலிப், ரோஜா, ஐரிஸ், இன்னும் என்னென்னவோ. அந்த ஜாடிகளில் பெரும்பாலானவை உலகத்தில் எங்கேயும் எந்த மேசையிலும் இருந்ததே இல்லை. ஒன்று ஏப்ரலில் பூக்கும், ஒன்று ஜூலையில் பூக்கும், சேர்ந்து பூக்காத பூக்களை ஒவ்வொன்றாகப் பார்த்து வரைந்து ஒரே ஜாடியில் கூட்டி வைத்திருக்கிறார்கள். லண்டன் நேஷனல் கேலரியில் இருக்கும் ஹூய்சமின் ஒரு பூ ஜாடி ஓவியத்தில் 1736, 1737 என்று இரண்டு வருஷம் போட்டுக் கையெழுத்து இருக்கிறது, அடுத்த பருவத்துக்குக் காத்திருந்து முடித்ததால். 1742-ல் அவர் எழுதிய ஒரு கடிதத்தில் மஞ்சள் ரோஜா கிடைக்காததால் படம் நின்றுபோயிருக்கிறது என்று சமாதானம் சொல்கிறார். தீபாவளிக்குத் துணி கொடுக்க முடியாத தையல்காரர் பட்டன் வரவில்லை என்று சொல்வார் இல்லையா, எனக்கு அந்த ஞாபகம்தான் வந்தது, ஆனால் ஹூய்சம் சொன்னது நிஜம்.

வேடிக்கை என்னவென்றால் அவர்களால் சேர்க்க முடியாத பூக்களை இன்றைக்கு நாம் சேர்த்துவிடலாம். அதே நெதர்லாந்தில் ஆல்ஸ்மீர் என்ற ஊரில் உலகத்தின் மிகப் பெரிய பூ ஏலச் சந்தை இருக்கிறது, கென்யாவிலிருந்தெல்லாம் விமானத்தில் பூ வந்து இறங்குகிறது. அதனால் போஸ்ஹார்ட்டின் ஜாடியைப் பூவுக்குப் பூ வாங்கிவிட முடியும். வாங்கிச் சொருகினாலும் அந்த ஓவியம் மாதிரி வராது. ஏன்? ஓவியத்தில் தண்டுக்கு எடை கிடையாது. கனமான பெரிய பூ உச்சியில் நிமிர்ந்து நிற்கும், நிஜத்தில் அது தலைகீழாகக் கவிழும். ஓவியத்தில் ஒரு பூவும் இன்னொரு பூவின் முகத்தை மறைக்காது. இந்த மாதிரிப் படத்திலிருந்து உருப்படியாக எடுத்துக்கொள்ள என் கணக்கில் ஒன்று இருக்கிறது: அந்தக் கூட்டத்தில் எங்கேயாவது ஒரு பூ நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டிருக்கும், இன்னொன்று இதழ் உதிர்ந்து கிடக்கும், ஒரு இலையைப் புழு தின்றிருக்கும். அதைச் செய்யுங்கள். ஒரே ஒரு பூவைத் திருப்பி வைத்துப் பாருங்கள், கடையில் வாங்கின பொக்கே சாயல் உடனே போய்விடும்.

வான் கோவுக்கும் இதேதான். 1888 ஆகஸ்டில் ஆர்ல் ஊரில் அந்தச் சூரியகாந்திகளை வரைந்தபோது, பூ சீக்கிரம் வாடிவிடுகிறது, ஒரே மூச்சில் முடிக்க வேண்டும், அதனால் விடிந்ததும் உட்கார்ந்துவிடுகிறேன் என்று தம்பிக்கு எழுதினார். லண்டனில் இருக்கிற படத்தை உற்றுப் பார்த்தால் எல்லாப் பூவும் ஒரே வயசு இல்லை: விரிந்தது, இதழ் கொட்டி விதைத்தட்டு மட்டும் நிற்பது, தலை தொங்கினது. அப்புறம் மஞ்சள் சுவர் முன்னால் மஞ்சள் ஜாடியில் மஞ்சள் பூ. எடுத்துக்கொள்ள வேண்டியது இந்த வயசும், மஞ்சள் மேல் மஞ்சளும்தான். சூரியகாந்தியே இல்லாமல், நேற்று வாங்கினதும் நாலு நாள் முன்னால் வாங்கினதுமான சாமந்தியை வைத்தே இதைச் சொல்லிவிடலாம்.

அருங்காட்சியகக்காரர்களுக்கு இந்த விழா வந்தால் வயிற்றில் நெருப்புதான். கோடிக்கணக்கில் மதிப்புள்ள ஓவியத்துக்கு அருகே தண்ணீரையும் செடியையும் கொண்டுவந்து வைப்பதென்றால் சும்மாவா? தண்ணீர் சிந்துவதைவிடப் பூச்சிதான் பெரிய பயம். கம்பள வண்டு என்று ஒரு பொடி வண்டு, வளர்ந்த வண்டு பூவில் மகரந்தம் தின்னும், அதன் புழுவோ கம்பளி, பட்டு, ரோமம் எல்லாவற்றையும் தின்னும். பூவோடு உள்ளே வந்து முட்டையிட்டுவிட்டால் நானூறு வருஷத் திரைச்சீலை அதற்கு விருந்து. அதனால் மண்ணோடு செடி கொண்டுவரக் கூடாது, பூவை முன்கூட்டியே சோதிப்பார்கள், ஓவியத்திலிருந்து இவ்வளவு தூரம் தள்ளித்தான் பீடம் என்று கணக்கு வைப்பார்கள். லில்லிப் பூ என்றால் நடுவில் இருக்கும் மகரந்தப் பைகளைக் கிள்ளி எறிந்துவிட்டுத்தான் வைப்பது வழக்கம், அந்த ஆரஞ்சுப் பொடி பட்டால் துணியில் கறை போகாது. வீட்டில் வைப்பதானாலும் இதைச் செய்யுங்கள், சட்டை தப்பிக்கும்.

பூவை நிற்க வைப்பது எப்படி என்பது தனிக் கதை, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கல்யாண மேடைகளில் பார்க்கும் பச்சை ஸ்பாஞ்ச், ஓயாசிஸ் என்று கடையில் கேட்டால் கொடுப்பார்கள், 1954-ல் அமெரிக்காவில் வெர்னான் ஸ்மிதர்ஸ் கொண்டுவந்தது. எந்தக் கோணத்தில் குத்தினாலும் தண்டு நிற்கும், தண்ணீரும் பிடித்துக்கொள்ளும். ஆனால் அது பிளாஸ்டிக், உதிர்ந்து நுண்துகளாகித் தண்ணீரில் கலக்கிறது. செல்சி மலர்க் கண்காட்சி நடத்தும் பிரிட்டனின் ராயல் ஹார்ட்டிகல்ச்சுரல் சொசைட்டி 2021-லிருந்து தன் கண்காட்சிகளில் அதை வேண்டாம் என்று நிறுத்திவிட்டது. அதற்குப் பதில் கோழிக்கூண்டுக்கு அடிக்கும் கம்பி வலையைச் சுருட்டி ஜாடிக்குள் திணித்தால் போதும். இங்கிலாந்தில் கான்ஸ்டன்ஸ் ஸ்ப்ரை அந்தக் காலத்திலேயே இதைத்தான் செய்தார். 1953-ல் இரண்டாம் எலிசபெத் முடிசூட்டு விழாவுக்கே பூ அலங்காரம் செய்தவர், கீரை இலையையும் ரோஜாவோடு சேர்த்து வைக்கத் தயங்காதவர். தட்டையான பாத்திரம் என்றால் ஜாப்பானியர்களின் கென்சான், ஆணிப் படுக்கை மாதிரி ஒரு கனமான வில்லை, அதில் தண்டைக் குத்தி நிறுத்துவது. எதை வைத்தாலும் தண்டைச் சாய்வாக வெட்டுங்கள், தண்ணீருக்குள் இருக்கும் இலையை உருவிவிடுங்கள், அடுக்குவதற்கு முன்னால் சில மணி நேரம் பூவை ஆழமான வாளித் தண்ணீரில் நிழலில் விட்டுவிடுங்கள். கடைசியில் சொன்னதை எல்லோரும் தாண்டிப் போவார்கள், அப்புறம் பூ சீக்கிரம் வாடிவிட்டது என்று கடைக்காரரைத் திட்டுவார்கள்.

இவ்வளவு பேசினவள் செய்தும் பார்க்க வேண்டும் இல்லையா. நான் எடுத்துக்கொண்டது பீட் மாண்ட்ரியன். 1930-ல் அவர் வரைந்த சிவப்பு, நீலம், மஞ்சள் ஓவியம். 46 சென்டிமீட்டர் சதுரம், தடித்த கறுப்புக் கோடுகள், வலது மேல்பக்கம் பெரிய சிவப்புக் கட்டம், இடது கீழ் மூலையில் நீலம், வலது கீழ் மூலையில் துண்டு மஞ்சள், மீதி வெள்ளை. கட்டம் கட்டமாகத்தானே, முதல் முறைக்கு இதைவிட லேசு ஏது என்று நினைத்தேன். மாண்ட்ரியனுக்குப் பச்சை பிடிக்காது என்பதும் எனக்கு ஒரு சாக்காக இருந்தது. பாரிஸில் அவருடைய ஓவிய அறையில் ஒரே ஒரு செயற்கை டூலிப் பூ ஜாடியில் இருக்குமாம், அதன் இலை பச்சையாக இருக்கிறதே என்று அதற்கும் வெள்ளைச் சாயம் பூசி வைத்திருந்தார். இத்தனைக்கும் அவர் ஆரம்பத்தில் பூக்களை வரைந்தவர், கட்டங்கள் விற்காத காலத்தில் பூ ஓவியம் விற்றுத்தான் சாப்பிட்டார்.

கோயம்பேட்டில் விடிகாலையில் போய் வாங்கினேன். சிவப்புக்குக் கோழிக்கொண்டை, வெல்வெட் மாதிரி நெருக்கமாக அடுக்கலாம், இடையில் பச்சையே தெரியாது. மஞ்சளுக்குச் சாமந்தி, வெள்ளைக்குச் சம்பங்கி உதிரி. நீலம்தான் மாட்டிக்கொண்டது. வீட்டுச் சுவரில் ஏறியிருக்கும் சங்குப்பூ நல்ல நீலம், ஆனால் பறித்தால் சாயங்காலத்துக்குள் சுருண்டுவிடும். கடைசியில் வெள்ளைச் சாமந்தியின் காம்பை இரண்டு நாள் நீலச் சாயத் தண்ணீரில் நிறுத்தி ஏற்றிக்கொண்டேன், இதழ் நரம்பெல்லாம் நீலமாக ஓடி, அசல் நீலமாக இல்லாவிட்டாலும் தூரத்திலிருந்து ஏமாற்றும். கறுப்புக் கோட்டுக்கு அடர்சிவப்பு கிளாடியோலஸ், வாள் மாதிரி நேராக இருக்கும், இலையை உருவிவிட்டு இரண்டை நட்டமாகவும் இரண்டைக் கிடையாகவும் ஒரு பெரிய சதுரத் தட்டில் ஈரப் பஞ்சு சுற்றி வைத்தேன். ராத்திரி பதினொரு மணிக்கு முடித்தபோது, என் வாயால் சொல்லக் கூடாது, நன்றாகவே இருந்தது. காலையில் வெளிச்சத்தில் போட்டோ எடுக்கலாம் என்று படுத்துவிட்டேன்.

காலையில் கிடையாக வைத்த இரண்டு கிளாடியோலஸும் நுனியைத் தூக்கி மேலே பார்த்துக்கொண்டிருந்தன. வெட்டின பிறகும் அந்தத் தண்டுக்கு எது மேல், எது கீழ் என்று தெரியும்; படுக்க வைத்தால் தண்டின் கீழ்ப்பக்கம் வேகமாக நீண்டு நுனியை வானத்தைப் பார்த்து வளைத்துவிடும். இதற்காகத்தான் பூ வியாபாரிகள் கிளாடியோலஸை நிறுத்தியபடியே லாரியில் அனுப்புகிறார்கள், குளிரில் வைத்தால் வளைவது மெதுவாகும். இதெல்லாம் பிறகு படித்துத் தெரிந்துகொண்டது. அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம், என் நேர்க்கோடு நெளிந்து மாண்ட்ரியனின் கட்டத்துக்குள் ஹோகார்த் புகுந்துவிட்டார் என்பதுதான். தட்டை அந்தப் பக்கம் திருப்பி, இந்தப் பக்கம் திருப்பி, நுனியைக் கையால் அழுத்தி, ஒன்று உடைந்தும் போனது.

காபி டம்ளரோடு வந்த அம்மா கொஞ்ச நேரம் தட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“படத்தைப் பாத்துச் செஞ்சேன்னு சொன்னே. இது படம் எடுத்துல்ல ஆடுது?”